மனித உடலில் எத்தனை தசைகள்? எண்ணியவர்களும் எண்ணப்பட்ட உடல்களும்

புலம்பெயர் நாடுகளில் எமது பிள்ளைகள் படிக்கும் அறிவியல் பாடநூல்களைப் புரட்டிப் பார்த்தால், வளர்ந்த மனிதனின் எலும்புகள் எத்தனை என்ற கேள்விக்கு ஜேர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம், நோர்வேஜியன் என எந்த மொழியிலும் ஒரே விடைதான் இருக்கும்: 206. தசைகளுக்கு வந்தால் அந்த ஒற்றுமை காணாமற் போய்விடுகிறது. ஒரு நூல் "600க்கு மேல்" என்கிறது. இன்னொன்று 639 என்கிறது. வேறொன்றில் 650 என்று இருக்கும். 700ஐத் தொடும் கணக்குகளும் உண்டு. இரண்டு பிள்ளைகள் இரண்டு நாட்டில் படித்து, விடுமுறையில் சந்தித்தால், இருவரும் தத்தம் நூலைக் காட்டி வாதிடலாம். இருவரும் சரியாகவே சொல்லுவார்கள்.

இத்தனை நூற்றாண்டுகளாக மனித உடலைத் திறந்து பார்த்த மருத்துவ உலகம் ஏன் ஓர் எண்ணில் உடன்படவில்லை? இது அறிவியலின் தோல்வி அல்ல. தசை என்று எதைச் சொல்கிறோம், அதை எப்படிப் பிரித்தெடுக்கிறோம், யாருடைய உடலில் எண்ணுகிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை மாறும்போது எண்ணும் மாறுகிறது. மூன்றாவது கேள்வி எம்மைப் போன்ற மக்களுக்கு மிக நெருக்கமானது. அதனால் அதையும் இக்கட்டுரையில் சேர்த்தே பார்ப்போம்.

எதை எண்ணுகிறோம்?

உடலில் மூன்று வகைத் தசைகள் உள்ளன. இதயத்தின் சுவரில் இருப்பது இதயத்தசை. குடல், குருதிக்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் சுவர்களில் எமது விருப்பைக் கேளாமல் இயங்குவது மழமழப்பான தசை. இவ்விரண்டையும் யாரும் எண்ணுவதில்லை. எண்ணப்படுவது மூன்றாவது வகையான வன்கூட்டுத் தசை. நடக்கவும், பாரம் தூக்கவும், பேசவும், சிரிக்கவும் நாம் பயன்படுத்துவது இதைத்தான்.

வன்கூட்டுத் தசை என்றால் எலும்போடு இணைந்தது என்று பொருள். ஆனாலும் அந்தப் பெயரே முழுக்கச் சரியானதல்ல. முகத்தில் உணர்ச்சி காட்டும் தசைகளிற் பல ஒரு முனையில் எலும்பிலும் மறுமுனையில் தோலிலும் ஒட்டியிருக்கின்றன. நாக்கினுள் இருக்கும் தசைகளிற் சில எந்த எலும்பையும் தொடுவதில்லை. தொண்டை, குரல்வளை, உணவுக்குழாயின் மேற்பகுதி ஆகியவற்றிலும் இதே வகை இழையம் உண்டு. இவற்றை எல்லாம் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்று ஒவ்வொரு நூலாசிரியரும் ஒரு முடிவை எடுக்கிறார். எண் அங்கேயே பிரியத் தொடங்குகிறது.

கத்தி செய்யும் வேலை

உடலைக் கூறிட்டுப் பார்ப்பவரின் முன்னால் தசைகள் பாடநூற் படத்தில் உள்ளதுபோல் சிவப்பாக, தனித்தனியாகக் காத்திருப்பதில்லை. முதலில் தோல், அதன் கீழ் கொழுப்பு, அதன் கீழ் தசைகளைச் சுற்றிய வெண்ணிறமான மெல்லிய உறை. இந்த உறையைப் பொறுமையாக நீக்கினால்தான் ஒரு தசையின் ஓரம் தெரியும். நல்ல ஆசிரியர்கள் இந்தக் கட்டத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விரலாலும் இடுக்கியின் மழுங்கிய முனையாலும் பிரிக்கச் சொல்லுவார்கள். கூரான கத்தி, இயற்கை பிரிக்காத இடத்தையும் பிரித்துவிடும். அப்போது ஒரு தசை இரண்டாகிவிடும்.

ஓரம் தெரிந்த பிறகு நான்கு கேள்விகள் கேட்கப்படுகின்றன. இது எங்கே தொடங்குகிறது? எங்கே முடிகிறது? எந்த நரம்பு இதை இயக்குகிறது? இது சுருங்கினால் எது அசைகிறது? நான்குக்கும் தெளிவான விடை கிடைத்தால் அது ஒரு தனித்தசை. முழங்கையை மடக்கும் இருதலைத்தசையில் இந்த விடைகள் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் எல்லா இடத்திலும் நான்கு விடைகளும் ஒத்துப்போவதில்லை. தொடையின் உட்புறத்தில் இருக்கும் பெருந்தசை ஒன்று வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அதன் இரண்டு பகுதிகளுக்கும் இரண்டு வேறு நரம்புகள் செல்கின்றன. நரம்பை வைத்துப் பார்த்தால் அது இரண்டு தசை. வடிவத்தை வைத்துப் பார்த்தால் ஒன்று. தொடையின் பின்புறத்து இருதலைத்தசைக்கும் இதே நிலைதான்.

உடலைக் கெடாமல் வைத்திருப்பதும் எண்ணிக்கையைப் பாதித்தது. இன்று பயன்படும் போர்மலின், இழையங்களைப் பதப்படுத்த உதவும் என்பதை 1893இல் பேர்டினண்ட் புளூம் என்ற ஜேர்மானிய மருத்துவர் எடுத்துக்காட்டினார். அதற்கு முன் குளிர்காலத்தில், சில நாட்களுக்குள் வேலையை முடிக்க வேண்டியிருந்தது. 1316இல் இத்தாலியின் பொலோனாவில் மொண்டினோ எழுதிய கைநூல் கூறாய்வுக்கு ஒரு வரிசை வகுத்தது: விரைவில் அழுகும் வயிறு முதலில், பின் நெஞ்சு, பின் தலை, கடைசியில் கைகால்கள். தசைகள் நிறைந்த கைகால்களுக்கு முறை வரும்போது உடலும் கெட்டிருக்கும், பார்ப்பவர்களும் களைத்திருப்பார்கள்.

எண் எங்கே பிரிகிறது?

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதுகெலும்பின் இரு பக்கத்திலும் நீளவாக்கில் ஓடி எம்மை நிமிர்த்தி வைத்திருக்கும் தசைத்தொகுதி ஒன்று உண்டு. அதை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று எண்ணினால் மொத்தம் 2. அது மூன்று நிரைகளாகப் பிரிவதைக் கொண்டு எண்ணினால் 6. ஒவ்வொரு நிரையும் உடலின் உயரத்துக்கேற்ப மூன்று பகுதிகளாகப் பெயரிடப்பட்டிருக்கிறது. அந்தப் பெயர்களை எண்ணினால் 18. ஒரே இறைச்சிதான், ஒரே உடல்தான். எண் மட்டும் 2, 6, 18 என்று மாறுகிறது.

அடுத்து விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள். ஒரு பக்கத்தில் 12 விலா எலும்புகள், அவற்றுக்கிடையே 11 இடைவெளிகள். ஒவ்வோர் இடைவெளியிலும் வெளி, உள், மிக உள் என்று மூன்று அடுக்குகள். அடுக்கை ஒரு தசை என்று கொண்டால் இரு பக்கமும் சேர்த்து 6. ஒவ்வோர் இடைவெளியையும் தனியே எண்ணினால் 66. இந்த இரண்டு இடங்களில் மட்டும் இரு நூல்களுக்கிடையே 76 தசைகள் வேறுபட்டுவிடும்.

இதேபோல் உள்ளங்கையில் விரல் எலும்புகளுக்கிடையே இருக்கும் சிறு தசைகளை உள்ளங்கைப் பக்கத்தில் மூன்று என்பாரும் நான்கு என்பாரும் உண்டு. தொடையின் முன்புறத்து நாற்றலைத்தசையை ஒன்றாகவும் எண்ணலாம், நான்காகவும் எண்ணலாம். மூச்சுக்கு அடிப்படையான பிரிமென்றகடு நடுவில் ஒன்றாக இருப்பதால் பெரும்பாலும் ஒன்று. வலம், இடம் என்று இரண்டாகக் கொள்பவர்களும் உள்ளனர். பெரும்பாலான தசைகள் சோடிகளாக இருப்பதால், "300 சொச்சம்" என்று எங்காவது கண்டால் அது ஒரு பக்கத்தை மட்டும் எண்ணிய கணக்கு என்று புரிந்துகொள்ளலாம்.

ஆளுக்கு ஆள் மாறும் கணக்கு

இதுவரை சொன்னது ஒரே உடலைப் பலவிதமாக எண்ணுவது பற்றியது. உடல்களே வேறுபடுகின்றன என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, பெருவிரலின் நுனியையும் சின்னவிரலின் நுனியையும் சேர்த்துப் பிடித்து, மணிக்கட்டைச் சற்று உட்புறமாக மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு நாண் கயிறுபோல் புடைத்து நிற்கும். அது முன்கையில் உள்ள ஒரு மெல்லிய நீண்ட தசையின் நாண். சிலருக்கு அது ஒரு கையில் இருக்கும், மறு கையில் இராது. சிலருக்கு இரண்டிலும் இராது. பாடநூல்கள் பொதுவாக நூற்றுக்கு 15 பேரளவில் இது இல்லை என்கின்றன. இனத்துக்கு இனம் இந்த அளவு பெரிதும் மாறுகிறது. இல்லாதவர்களின் கைப்பிடியில் குறிப்பிடத்தக்க குறை எதுவும் தெரிவதில்லை. அதனாலேயே வேறோர் இடத்தில் நாண் அறுந்தவருக்குப் பொருத்துவதற்குச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இந்த நாணை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அம்மம்மா, அம்மா, பேரப்பிள்ளை என்று மூன்று தலைமுறையும் ஒரே மேசையில் கைநீட்டிப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்குள்ளேயே வேறுபாட்டைக் காணக்கூடும்.

இது ஒன்று மட்டுமல்ல. கீழ்வயிற்றின் முன்புறத்தில் இருக்கும் சிறு முக்கோணத் தசை ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் இல்லை. இடுப்பின் உட்புறத்துச் சிறுதசை ஒன்று ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இல்லை. கெண்டைக்காலில் மிக மெல்லிய வயிறும் மிக நீண்ட நாணும் கொண்ட ஒரு தசை சிலரிடம் இல்லை. மணிக்கட்டுத் தசையோடு சேர்த்து இந்த நான்கும் இரு பக்கமும் இல்லாத ஒருவர், நான்கும் உள்ளவரைவிட எட்டுத் தசைகள் குறைந்தவர். இருவரும் நலமாக நடமாடுவார்கள். மறுபுறம், நூற்றுக்குச் சிலரிடம் மார்பெலும்பின் ஓரமாக நெடுக்காக ஒரு மேலதிக தசை இருக்கும். மார்பகப் பரிசோதனைப் படங்களில் அதைக் கட்டி என்று தவறாக எண்ணிவிடும் ஆபத்து இருப்பதால் கதிரியக்க மருத்துவர்களுக்கு இதுபற்றித் தனியே கற்பிக்கிறார்கள். ஆகவே தசைகளின் எண்ணிக்கை வெறும் பரீட்சைக் கேள்வி அல்ல. கத்தி வைப்பவரும் படம் பார்ப்பவரும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

முதலில் எண்ணியவர்கள்

தசைகளுக்கு எண் சொன்ன மிகப் பழைய நூல்களில் ஒன்று சுசுருத சங்கிதை. வடமொழியில் எழுந்த இந்த மருத்துவ நூல் உடலில் 500 தசைகள் என்கிறது: கைகால்களில் 400, நடுவுடலில் 66, கழுத்துக்கு மேல் 34. பெண்களுக்கு மேலதிகமாக 20. எண்ணும் முறையையும் அதுவே சொல்கிறது. உறுப்புக் குறையாத, நஞ்சால் இறக்காத, நெடுநாள் நோயில் வாடாத, நூறு வயதை எட்டாத ஒருவரின் உடலைத் தெரிந்தெடுக்க வேண்டும். அதைப் புல்லால் சுற்றி, கூண்டுக்குள் வைத்து, ஓடும் நீரில் மறைவான இடத்தில் ஊறவிட வேண்டும். ஏழு இரவுகள் கழித்து எடுத்து, வெட்டிவேர், மூங்கில் போன்றவற்றால் செய்த தூரிகையால் மெல்லத் தேய்த்து, தோல் தொடங்கி ஒவ்வோர் அடுக்காகக் கண்ணால் காண வேண்டும்.

ஒரு கைக்கோ காலுக்கோ 100 தசைகள் என்பது இன்றைய நூல்கள் பெயரிடுவதைவிட மிக அதிகம். அங்கே தசை என்று கொள்ளப்பட்டதும் இன்று நாம் தசை என்பதும் முற்றாக ஒன்றல்ல. ஏழு இரவு நீரில் ஊறிய இறைச்சியில் ஓரங்களைப் பிரித்தறிவது கடினமாக இருந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். ஆனாலும் நூலை மட்டும் படித்தவர் மருத்துவர் ஆகமாட்டார், உடலைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அந்நூல் வற்புறுத்தியிருப்பது கவனத்துக்குரியது.

மேற்கில் கிறிஸ்துவுக்குப் பின் 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் பெர்கமொன் நகரில் வாள்வீரர்களின் காயங்களுக்கு மருத்துவம் பார்த்தவர். வெட்டுக்காயத்தின் வழியே தசையையும் நாணையும் அவர் கண்டிருப்பார். ஆனால் அவர் முறையாகக் கூறிட்டுப் பார்த்தவை குரங்கு, பன்றி, மாடு போன்ற விலங்குகள். அவர் எழுதியது ஏறத்தாழ 1300 ஆண்டுகள் மனித உடலின் வேதமாக இருந்தது.

அதை உலுக்கியவர் அந்திரேயாஸ் வெசாலியஸ். எமது கத்தோலிக்க மக்கள் அந்தோனியாரின் பெயரோடு அறிந்த பதுவை நகரின் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்தார். 28 வயதில், 1543இல், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் தனது பெருநூலை அச்சிட்டார். அதன் இரண்டாம் பாகம் தசைகளுக்கானது. அதில் தோலுரிக்கப்பட்ட மனிதர் நிலக்காட்சியின் முன் நிற்கிறார். படத்துக்குப் படம் ஒவ்வோர் அடுக்குத் தசையும் கழன்று தொங்குகிறது. ஒரு கட்டத்தில் உடல் தானாக நிற்க முடியாமல் கயிற்றால் தாங்கப்படுகிறது.

கேலன் விலங்கைப் பார்த்து மனிதனை எழுதினார் என்று குற்றம்சாட்டிய வெசாலியஸும் அதே குழியில் ஒருமுறை விழுந்தார். கண்விழியை அசைக்கும் தசைகள் ஏழு என்று எழுதினார். ஏழாவது, விழியைப் பின்னே இழுக்கும் தசை, மாட்டில் உண்டு. மனிதனில் இல்லை. 1561இல் கபிரியேலே பலோப்பியோ அதைத் திருத்தி, மனிதக் கண்விழிக்கு ஆறு தசைகளே என்று காட்டினார். அந்த ஆறு இன்றுவரை மாறவில்லை.

இவர்களுக்கு முன்பே லியனார்டோ டா வின்சி தசைகளைக் கயிறுகள்போல் வரைந்து, எது எதை இழுக்கிறது என்று காட்டியிருந்தார். அந்தத் தாள்கள் அவர் காலத்தில் அச்சேறாததால் மருத்துவ உலகுக்குப் பயன்படவில்லை. இன்று அவை பிரித்தானிய அரச சேகரிப்பில் வின்சர் மாளிகையில் உள்ளன.

தசைகளை ஒழுங்காக வரிசைப்படுத்திய பெருமை நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்து அல்பீனஸுக்கு உரியது. 1734இல் மனிதத் தசைகளின் வரலாற்றையும், 1747இல் ஓவியர் வண்டெலாரைக் கொண்டு வரைந்த பெரும் படநூலையும் வெளியிட்டார். உடலுக்கும் ஓவியருக்கும் நடுவே கட்டமிட்ட நூல்வலையை நிறுத்தி, அளவு பிசகாமல் வரையச் செய்தார். அந்தப் படங்கள் இரண்டில், தோலில்லா மனிதரின் பின்னால் ஒரு காண்டாமிருகம் மேய்கிறது. அன்று ஐரோப்பாவைச் சுற்றிக் காட்டப்பட்ட, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கிளாரா என்ற காண்டாமிருகம் அது.

வெசாலியஸ் தசைகளைப் பெரும்பாலும் முதலாவது, இரண்டாவது என்று இலக்கமிட்டே அழைத்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டும் வழக்கம் பிறகு பரவியது. ஒரே தசைக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உடற்கூற்றியலில் ஏறத்தாழ 50,000 பெயர்கள் புழங்கின. 1895இல் அறிஞர்கள் கூடி அவற்றை ஏறத்தாழ 5,500 ஆகக் குறைத்தார்கள். அவர்கள் கூடியதும் பாசலில்தான். அதன் வழிவந்த சர்வதேசப் பெயர்ப்பட்டியல் 1998இல் வெளியானது. அதில் தசைகளின் பெயர்கள் உண்டு. ஆனால் "மொத்தம் இத்தனை" என்று அது சொல்லவில்லை.

இன்னும் முடியாத வேலை

ஐந்து நூற்றாண்டாகக் கூறிட்டுப் பார்த்த பிறகும் புதிது கிடைக்குமா? 2016இல் சுவிற்சர்லாந்தின் சென்ட் காலன் நகர மருத்துவர்களை உள்ளடக்கிய குழு ஒன்று 26 கால்களை ஆராய்ந்து, நாற்றலைத்தசையின் இரண்டு தலைகளுக்கு நடுவே ஐந்தாவதாக ஒரு தசை இருப்பதாக எழுதியது. அதன் பின்னர் மற்றவர்களும் தேடினார்கள். சிலர் தனித்தசையாகவும் சிலர் பக்கத்துத் தசையின் பகுதியாகவும் கண்டார்கள். அடுத்து 2021இல் பாசல் பல்கலைக்கழகக் குழு, உணவை மெல்லும் கன்னத்தசைக்கு மூன்றாவதாக ஓர் ஆழமான அடுக்கு உண்டு என்று விளக்கியது. பற்களைக் கடித்து, கன்னத்தின் பின்புறத்தைத் தொட்டால் புடைத்து நிற்பது அந்தத் தசைதான். பழைய நூல்களில் சில மூன்று அடுக்கு என்று ஓரமாகச் சொல்லியிருந்தாலும் பெரும்பாலானவை இரண்டோடு நின்றுவிட்டன. இது புதிய அடுக்கு, புதிய தசை அல்ல என்பதால் மொத்த எண் கூடவில்லை.

1543, 1895, 2021 என்று மூன்று முறையும் இந்தக் கதையில் பாசல் வருகிறது. எமது மக்கள் பலர் வேலைக்கும் கோயிலுக்கும் தமிழ்ப் பாடசாலைக்கும் போய்வரும் நகரம் அது. அந்நகரத்து உடற்கூற்றியல் அருங்காட்சியகத்தில் 1543இல் வெசாலியஸ் தம் கையால் கோத்த எலும்புக்கூடு இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்திலிருந்து எஞ்சிய இத்தகைய எலும்புக்கூடுகளில் மிகப் பழையதாக அது கருதப்படுகிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். அது யாருடைய எலும்பு என்று பிள்ளை கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்: மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு மனிதருடையது.

எண்ணப்பட்ட உடல்கள் யாருடையவை?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் பேசுவது நேர்மையாகாது. வெசாலியஸின் மேசைக்குத் தூக்குமேடையிலிருந்து உடல்கள் வந்தன. பிரித்தானியாவில் 1752ஆம் ஆண்டுச் சட்டம் கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவரைக் கூறிடுவதைத் தண்டனையின் ஒரு பகுதியாகவே ஆக்கியது. அது போதாமற்போக, புதைகுழிகளைத் தோண்டி உடல் விற்கும் தொழில் வளர்ந்தது. 1828இல் எடின்பரோவில் பேர்க், ஹெயர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று, அந்த உடல்களை ஓர் உடற்கூற்றியல் ஆசிரியருக்கு விற்றார்கள். கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் ஏழைகள், வழிப்போக்கர்கள், தேடிவர ஆள் இல்லாதவர்கள். அடுத்து வந்த 1832ஆம் ஆண்டுச் சட்டம் உடல் திருட்டை ஒழித்தது. ஆனால் ஏழைகள் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, உரிமை கோரப்படாதவர்களின் உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொடுக்க அது வழிசெய்தது. 1858இல் இலண்டனில் வெளியாகி உலகெங்கும் மருத்துவ மாணவர்களின் கைநூலான ஹென்றி கிரேயின் உடற்கூற்றியல் நூலுக்குப் பின்னால் இருந்தவையும் இப்படிப்பட்ட ஏழைகளின் உடல்களே.

மிக இருண்ட பக்கம் வியன்னாவில் எழுதப்பட்டது. நாசிக் கட்சிக்காரரான எடுவார்ட் பேர்ன்கொப் தொகுத்த உடற்கூற்றியல் படநூலின் தெளிவும் நுணுக்கமும் பல ஆண்டுகள் மருத்துவர்களால் போற்றப்பட்டன. 1998இல் முடிந்த பல்கலைக்கழக விசாரணை, நாசி ஆட்சிக்காலத்தில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட குறைந்தது 1,377 பேரின் உடல்கள் அந்த உடற்கூற்றியல் நிலையத்துக்குக் கொடுக்கப்பட்டதை வெளிப்படுத்தியது. அவர்களிற் பலர் அரசியல் எதிர்ப்பாளர்கள். அந்தப் படங்களை இனிப் பயன்படுத்தலாமா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது.

"உரிமை கோரப்படாத உடல்" என்பது சட்டப் புத்தகத்தில் ஒரு வரி. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக, கணவனுக்காக இன்றும் காத்திருக்கும் குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. உரிமை கோர ஆள் இருந்தும் கோர முடியாமற் போன உடல்கள் உண்டு என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே ஒரு பாடநூலில் 639 என்று படிக்கும்போது, அந்த எண்ணுக்குப் பின்னால் பெயர் எழுதப்படாத மனிதர்கள் இருந்தார்கள் என்பதை எமது பிள்ளைகளுக்குச் சொல்லும் பொறுப்பு எமக்கு உண்டு.

இன்று மேசைக்கு வருபவர்கள்

நிலைமை இன்று பெரிதும் மாறிவிட்டது. மேற்கு நாடுகளின் மருத்துவபீடங்களில் மாணவர்கள் பெரும்பாலும் தாமாகவே உடலைக் கொடையளித்தவர்களிடம் கற்கிறார்கள். எம்மவர் பிள்ளைகள் பலர் இன்று அந்த மாணவர்களாக இருக்கிறார்கள். எம்மிடையே முதியவர்கள் சிலர், "என்னுடைய உடம்பை எரித்து என்ன பயன், படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுங்கோ" என்று சொல்வதும் உண்டு. கேட்கும் பிள்ளைகள் தடுமாறிப் போகிறார்கள். அத்தகைய குடும்பங்களுக்காகச் சில விடயங்களைத் தெளிவாகக் குறிப்பிடுகிறோம்.

முதலாவது, உறுப்புக்கொடையும் உடற்கொடையும் வேறு. உறுப்புக்கொடையில் சிறுநீரகம், ஈரல், கண் போன்றவை இன்னொருவருக்குப் பொருத்தப்பட்டு, உடல் உடனே குடும்பத்திடம் திரும்பும். உடற்கொடையில் உடல் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ மருத்துவபீடத்தில் இருக்கும்.

இரண்டாவது, உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் ஒப்புதல் கொடுக்க வேண்டும். பிரித்தானியாவில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த ஒப்புதல் சாட்சியோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். இறந்த பின் பிள்ளைகள் விரும்பினாலும் அவருக்காகக் கையெழுத்திட முடியாது. மற்ற நாடுகளில் விதிகள் வேறுபடும் என்பதால் அந்தந்தப் பல்கலைக்கழகத்திடமே கேட்க வேண்டும்.

மூன்றாவது, ஒப்புதல் கொடுத்தாலும் மருத்துவபீடம் ஏற்காமல் விடலாம். சில தொற்றுநோய்கள், மரண விசாரணைக்காக உடல் திறக்கப்பட்டமை போன்றவை காரணமாகலாம். நோயில் வாடாத, உறுப்புக் குறையாத உடலைத் தெரிந்தெடு என்று சுசுருத சங்கிதை சொன்னதை இது நினைவூட்டுகிறது. ஆகவே குடும்பம் மாற்று ஏற்பாட்டையும் யோசித்து வைக்க வேண்டும்.

நான்காவது, எம்மவருக்கு மிகக் கடினமானது, கிரியைகள். உடல் உடனே தகனம் செய்யப்படாவிட்டால் காடாத்து எப்போது, எட்டுச்செலவும் அந்தியேட்டியும் எந்த நாளில் என்ற கேள்விகள் எழும். பல இடங்களில் பயன்பாடு முடிந்த பின் உடலைத் தகனம் செய்து சாம்பலைக் குடும்பத்திடம் கொடுக்கிறார்கள். சில இடங்களில் கொடுப்பதில்லை. பல பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் மாணவர்களும் குடும்பங்களும் கூடும் நன்றி நிகழ்வு நடக்கிறது. இவற்றை முன்கூட்டியே கேட்டறிந்து, குருக்களிடமோ போதகரிடமோ பேசி, குடும்பம் முழுவதும் ஒரு முடிவுக்கு வருவது நல்லது. வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தாலும் அதில் குறை ஒன்றும் இல்லை. மரணத்தன்று செத்தவீட்டில் நின்று வாதிடுவதைவிட, முன்பே ஒரு மாலைப்பொழுதில் பேசிவிடுவது மேல்.

பிள்ளைக்கு என்ன சொல்வது?

இந்த அறிவு எமது மொழிக்குப் புதிதல்ல. மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை அறிந்தவர்களுக்கு வைத்தியர் சாமுவேல் கிறீனின் பெயர் தெரிந்திருக்கும். அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், 1864 முதல் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1872இல் வெளிவந்த அவருடைய "மனுஷ அங்காதிபாதம்" மனித உடற்கூற்றைத் தமிழில் விரிவாகச் சொன்ன நூல். 150 ஆண்டுகளுக்கு முன்பே எமது ஊர் மாணவர்கள் தசையையும் நரம்பையும் தமிழில் படித்தார்கள். வீட்டில் பிள்ளையின் கேள்விக்கு நாமும் தமிழில் விடை சொல்ல முடியும்.

பரீட்சையில் கேட்டால் அந்தப் பாடநூல் சொல்லும் எண்ணை எழுதட்டும். வீட்டில் கேட்டால் 600க்கு மேல் என்று சொல்வோம். சரியாக எத்தனை என்று அது மீண்டும் கேட்டால், நீ எப்படி எண்ணுகிறாய் என்பதைப் பொறுத்தது, யாருடைய உடலில் எண்ணுகிறாய் என்பதையும் பொறுத்தது என்று சொல்லி, மணிக்கட்டை மடக்கிக் காட்டச் சொல்வோம்.